பிளிட்விட்சே ஏரிகளுக்கு கைடோட ஒரு நாள் டிரிப், முட்டி வலி இருக்கற அம்மாவோட போலாமா?

நீங்க கேட்டத மொதல்ல என் வார்த்தையில ஒரு தடவ சொல்லிக்கறேன், ஏன்னா உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் குரோயேஷியா போறீங்க, நீங்க, வீட்டுக்காரர், 9 வயசுப் பையன், 67 வயசு அம்மா. ஸ்ப்ளிட்ல நாலு ராத்திரி, அப்புறம் ஸாக்ரெப்ல ரெண்டு ராத்திரி, அங்கேர்ந்து ஊருக்கு ப்ளைட். ஸ்ப்ளிட்ல தங்கியிருக்கறப்ப பிளிட்விட்சே ஏரிகள் நேஷனல் பார்க்குக்கு ஒரு வேன்காரர் ஆளுக்கு 85 யூரோ, டிக்கெட் தனின்னு சொல்றார், கைடோட போற இந்த டிரிப் அந்தக் காசுக்கு வொர்த்தா, இல்ல நாமளே பஸ் புடிச்சு போய்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "அம்மாவுக்கு முட்டி வலி, படி எறங்க கஷ்டப்படுவாங்க"ன்னு சும்மா போற போக்குல போட்டிருக்கீங்க பாருங்க, நெஜமான கேள்வி அதுதான். கைடு வேணுமா வேணாமாங்கறது அதுக்கப்புறம் வர்ற விஷயம்.

நான் யாருன்னு சொல்லிடறேன். பதினோரு வருஷமா நம்ம ஊர்லேர்ந்து ஐரோப்பாவுக்கு குரூப் கூட்டிட்டு போற டூர் மேனேஜர் வேலை. பிளிட்விட்சேக்கு எத்தன தடவ போயிருப்பேன்னு எண்ணல, இருபதுக்கு மேல இருக்கும், ஏப்ரல்லயும் போயிருக்கேன், ஆகஸ்ட் நடுவுலயும் போயிருக்கேன், ஒரு தடவ பனி கொட்டறப்பவும் போயிருக்கேன். ஆனா நான் அந்த ஊர் லைசென்ஸ் கைடு கெடையாது, ஜியாலஜி படிச்சவனும் கெடையாது, பாறை பத்தி கீழ சொல்றதெல்லாம் அங்க இருக்கற நல்ல கைடுங்ககிட்ட நின்னு கேட்டு, அப்புறம் தேடிப் படிச்சு தெரிஞ்சுகிட்டது. முட்டி விஷயத்துல டாக்டர் சொல்றதுதான் கணக்கு, நான் பாதை எப்படி இருக்கும்னு மட்டுந்தான் சொல்ல முடியும்.

மொதல்ல சந்தேகமே இல்லாத விஷயம், தூரம். ஸ்ப்ளிட்லேர்ந்து பார்க்குக்கு சுமாரா 240 கிலோமீட்டர், ஏ1 மோட்டார்வேல போனா நடுவுல ஒரு காபி, பாத்ரூம்னு நிறுத்தி மூணு, மூணேகால் மணி நேரம் ஆயிடும். போக மூணு, வர மூணு, அதுலயே ஆறு மணி நேரம் போச்சா, உள்ள ஒரு நாலு அஞ்சு மணி நேரம் கெடைக்கும், காலைல ஏழுக்கு கெளம்பினா திரும்பி ரூமுக்கு வர சாயங்காலம் ஆறு, ஆறரை ஆயிடும். ஸாக்ரெப்லேர்ந்துன்னா 130 கிலோமீட்டர்தான், கார்லோவாட்ஸ், ஸ்லூன் வழியா ரெண்டு மணி நேரம், கூடப் போனா ரெண்டரை. ஸாடர் இன்னும் பக்கம். துப்ரோவ்னிக்லேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வரலாமான்னு கூட சில பேர் கேப்பாங்க, அது டிரிப் இல்ல, தண்டனை. உங்க பிளானே ஸ்ப்ளிட்லேர்ந்து ஸாக்ரெப் போறதுதான், பார்க்கு அந்த ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு, அப்புறம் எதுக்குங்க ஸ்ப்ளிட்லேர்ந்து போய்ட்டு அதே ரோட்ல திரும்ப ஸ்ப்ளிட்டுக்கு வந்து, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே ரோட்ல ஸாக்ரெப் போகணும்? ஸ்ப்ளிட்ல ஏறி, பெட்டியெல்லாம் வண்டியிலயே வெச்சுட்டு, பார்க்க பாத்துட்டு, சாயங்காலம் ஸாக்ரெப்ல எறக்கி விடற டிரிப் நெறைய இருக்கு. ஊர் மாத்தற நாளையே பார்க் நாளா ஆக்கிடுங்க. இந்த ஒரு மாத்தத்துலயே அம்மாவுக்கு வண்டியில உக்கார்ற நேரம் மணிக்கணக்குல கொறையும், முட்டி மடக்கி வெச்சே உக்காந்திருக்கறது நடக்கறத விட மோசம்னு என் குரூப்ல வந்த பாட்டிங்க அத்தன பேரும் சொல்லியிருக்காங்க.

அடுத்தது, "கைடோட"ங்கற வார்த்தை. இதுலதான் நெறைய பேர் ஏமாறறாங்க, ஏமாத்தறாங்கன்னு கூட சொல்ல மாட்டேன், விளம்பரத்த படிக்கற விதம் அப்படி. ஒரு வகை, வேன் ஓட்டற டிரைவரே வழியில நாலு கதை சொல்லுவார், பார்க் வாசல்ல மேப்பக் கையில குடுத்து "மூணு மணிக்கு இங்க வந்துடுங்க"ன்னு சொல்லிட்டு காபி குடிக்க போயிடுவார். ரெண்டாவது வகை, லைசென்ஸ் வெச்சிருக்கற கைடு உங்களோட உள்ள நடந்து வந்து, போட்ல ஏத்தி, ட்ரெயின்ல ஏத்தி, வெளிய கொண்டாந்து விடறது. மூணாவது, உங்க குடும்பத்துக்கு மட்டும் தனியா ஒரு கைடு. மொத வகையும் ரெண்டாவது வகையும் விளம்பரத்துல ஒரே மாதிரிதான் இருக்கும், வெலையும் சில சமயம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கும். அதனால "கைடு உண்டா"ன்னு கேக்காதீங்க, உண்டுன்னுதான் சொல்லுவாங்க. "கைடு டிக்கெட் கவுண்ட்டர தாண்டி எங்களோட உள்ள நடந்து வருவாரா"ன்னு கேளுங்க. அப்புறம் "எந்த என்ட்ரன்ஸ்ல எறக்கி விடுவீங்க, எந்த ரூட்டு, பார்க்குக்குள்ள சுத்தமா எத்தன மணி நேரம்"னு கேளுங்க. வழியில நிறுத்தறது, சாப்பாட்டு நேரம் எல்லாத்தையும் சேத்து "அஞ்சு மணி நேரம் பிளிட்விட்சே"ன்னு போடறவங்க இருக்காங்க.

இத நானே பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆரம்ப காலத்துல, பேரெல்லாம் வேணாம், ஒரு வண்டிக் கம்பெனிய நம்பி பதினாலு பேர கூட்டிட்டு போனேன், நாலு மணி நேரம்னு பேச்சு. ஜூலை சனிக்கிழமை. அந்த ஊர்ல கடலோர வீடுகள வாடகைக்கு எடுக்கறவங்க பெரும்பாலும் சனிக்கிழமைதான் காலி பண்ணுவாங்க, சனிக்கிழமைதான் புதுசா வருவாங்க, அதனால மோட்டார்வே டோல் கேட்ல வண்டி எறும்பு மாதிரி நிக்கும், இது எனக்கு அப்ப தெரியாது, அவங்களுக்கு தெரிஞ்சும் சொல்லல. போய் சேந்தப்ப மணி பன்னெண்டே முக்கா. போட்டுக்கு க்யூல ஒரு மணி நேரம். கடைசியில மேல் ஏரிகளப் பாக்காமயே திரும்பினோம், கும்பகோணத்து மாமி ஒருத்தங்க "தம்பி, க்யூவும் ரோடும் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டியாந்தீங்க"ன்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. அதுலேர்ந்து நான் சனிக்கிழமை அந்தப் பக்கமே வண்டிய விடறதில்ல. நீங்களும் செவ்வாய், புதன் மாதிரி பாத்து வெச்சுக்கோங்க.

இனிமே பார்க் எப்படி அமைஞ்சிருக்குன்னு மனசுல ஒரு படம் போட்டுக்கோங்க, அம்மா விஷயம் அதுலதான் இருக்கு. 16 ஏரி, படிக்கட்டு மாதிரி ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வழிஞ்சு எறங்கும். எல்லாத்துக்கும் மேல இருக்கற ப்ரோஷ்சான்ஸ்கோ கடல் மட்டத்துலேர்ந்து 636 மீட்டர், எல்லாத்துக்கும் கீழ இருக்கறது 503 மீட்டர், ஆக 133 மீட்டர் எறக்கம். மேல 12 ஏரி, கீழ 4. மேல் ஏரிங்க டாலமைட் பாறை மேல அகலமா, காட்டுக்குள்ள பரந்து கெடக்கும். கீழ இருக்கற நாலும் சுண்ணாம்புப் பாறைய அறுத்த ஒடுக்கமான பள்ளத்தாக்குல இருக்கு, ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை. மேலுக்கும் கீழுக்கும் நடுவுல கோஸ்யாக்னு இருக்கறதுலயே பெரிய ஏரி, அதுலதான் பேட்டரி போட் ஓடுது. என்ட்ரன்ஸ் ஒண்ணு கீழ் ஏரிங்க பக்கம், என்ட்ரன்ஸ் ரெண்டு கோஸ்யாக் பக்கம். மேட்டு மேல ரோட்ல ட்ரெயின்னு சொல்ற ஒரு நீளமான வண்டி ஓடும், தண்டவாளம் கெடையாது, டயர் வண்டிதான். போட்டும் ட்ரெயினும் டிக்கெட்டுலயே அடக்கம்.

ரூட்டுக்கெல்லாம் எழுத்துதான் பேரு. என்ட்ரன்ஸ் ஒண்ணுலேர்ந்து ஏ ரூட் மூணரை கிலோமீட்டர், கீழ் ஏரி மட்டும். பி ரூட் நாலு கிலோமீட்டர், அதோட போட்டும் ட்ரெயினும். சி ரூட் எட்டு கிலோமீட்டர், மேலயும் கீழயும் சேத்து, நாலுலேர்ந்து ஆறு மணி நேரம். என்ட்ரன்ஸ் ரெண்டுலேர்ந்து எச் ரூட், கிட்டத்தட்ட ஒம்போது கிலோமீட்டர், சி ரூட்ட திருப்பிப் போட்ட மாதிரி, ஆனா ட்ரெயின்லயே மேல போயிட்டு ஏரியோட ஏரியா எறங்கி வர்றது, அதனால மூச்சு வாங்காது. எனக்கு புடிச்சது எச். ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, மூச்சுக்கு எறக்கம் நல்லது, முட்டிக்கு எறக்கம்தான் எமன். பாதை முக்காவாசி மரப்பலகை. நம்ம ஊர் பார்க்குல இருக்கற மாதிரி வழவழன்னு அறுத்த பலகை இல்ல, உருண்டை கட்டைய பொளந்து அடுக்கின மாதிரி மேடும் பள்ளமுமா இருக்கும், நடுநடுவுல தண்ணி அடியில ஓடறது தெரியும், பக்கத்துல பெரும்பாலும் கைப்புடி கெடையாது. ஆகஸ்ட்ல போறவங்க கூட்டமும் எதிர வர்றவங்க கூட்டமும் அந்த ரெண்டாள் அகலப் பலகையிலதான் ஒதுங்கணும். வீல் சேர் எல்லாம் அந்தப் பலகைப் பாதையில நெனைச்சே பாக்காதீங்க.

அதனால நான் என் குரூப்ல வயசானவங்களுக்கு என்ன பண்றேன்னு சொல்றேன். என்ட்ரன்ஸ் ஒண்ணுல நுழைஞ்ச அஞ்சாவது நிமிஷமே மேட்டு மேல ஒரு வியூ பாயின்ட் வரும், அங்க நின்னாலே வெலிகி ஸ்லாப்னு 78 மீட்டர் அருவியும், கீழ பச்சையா வரிசையா ஏரிகளும் தெரியும். வெலிகி ஸ்லாப்னா பெரிய அருவின்னு அர்த்தம், அவ்ளோதான். நீங்க படத்துல பாக்கறதுல பாதி அங்க நின்னு எடுத்தது. அம்மா அங்க எவ்ளோ நேரம் வேணா நிக்கட்டும். அதுக்கப்புறம் கீழ எறங்கற வளைஞ்ச பாதையில எறங்க வேணாம், மேட்டு மேலயே பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா ட்ரெயின் நிக்கற எடம் வரும், அதுல ஏறி என்ட்ரன்ஸ் ரெண்டு பக்கம் எறங்கி, அங்கேர்ந்து போட்டுக்கு ஒரு எறக்கம், இது ஒண்ணுதான் முட்டிக்கு வேலை, மெதுவா போனா பத்து நிமிஷம். மொதல்ல ஒரு குட்டி போட் எதிர்க்கரைக்கு, அங்க மாறி பெரிய போட், கோஸ்யாக் முழுக்க இருபது நிமிஷ சவாரி, சத்தமே இல்லாம போகும். எறங்கற எடம் பேரு பி3, பெரிய புல்வெளி, பெஞ்சு, பாத்ரூம், காபி, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் இருக்கு. அம்மா அங்க கால நீட்டி உக்காந்துக்கலாம். நீங்களும் பையனும் கைடோட எச் ரூட்ல மேலேர்ந்து எறங்கி வந்தீங்கன்னா அதே பி3க்குத்தான் வருவீங்க. வீட்டுக்காரர் அம்மாவோட இருக்கட்டும், அடுத்த தடவ நீங்க இருந்துக்கலாம். பி3லேர்ந்து கீழ் ஏரிகளுக்கு நீங்க ரெண்டு பேரும் போறப்ப அவங்க போன வழியே போட்ல திரும்பி ட்ரெயின்ல வந்துடலாம். எந்த எடத்துல எத்தன மணிக்குன்னு மட்டும் வண்டியிலயே பேசி முடிச்சுக்கோங்க.

இந்த மாதிரி குடும்பம் ரெண்டா பிரியறதுக்கு பதினஞ்சு இருபது பேர் குரூப் கைடு ஒத்துக்குவாரான்னா, பிரிஞ்சு போறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா உங்க அம்மா வேகத்துக்கு மொத்தக் குரூப்பையும் நிறுத்த மாட்டாங்க, நிறுத்தவும் முடியாது, பின்னாடி அடுத்த குரூப் வந்து முட்டும். கைடுக்கு குடுக்கற காசுல அம்மாவுக்கு ஒதவி கெடைக்கும்னு நெனைச்சீங்கன்னா அது மட்டும் கெடைக்காது.

அப்ப கைடு எதுக்குத்தான்னு கேப்பீங்க. வழி காட்டவான்னா இல்ல, வழி எழுதின போர்டு எல்லா எடத்துலயும் இருக்கு, தொலையவே முடியாது. ஒரு நல்ல கைடு இருந்தா நீங்க பாக்கறது என்னன்னு புரியும், அதுக்குத்தான். எனக்கு மொத ரெண்டு மூணு தடவ அது வெறும் அழகான அருவி, அவ்ளோதான், ஒக்கேனக்கல்ல இல்லாததான்னு கூட தோணிச்சு. நாலாவது தடவ ஒரு அம்மா கைடா வந்தாங்க, அம்பது வயசிருக்கும், தண்ணிக்குள்ள விழுந்து கெடந்த ஒரு மரக்கெளைய காமிச்சு "இது என்ன கலர்"னு கேட்டாங்க. பாத்தா கெளை முழுக்க வெள்ளையா, சாம்பலும் சுண்ணாம்பும் பூசின மாதிரி ஒரு ஓடு. "இந்த ஓடுதான் இந்த பார்க்"னாங்க. நம்ம ஊர்ல போர் தண்ணிய காய்ச்சின பாத்திரத்துல அடியில வெள்ளையா ஒட்டிக்கும்ல, ஹீட்டர் காயில்ல பொரை கட்டி நிக்கும்ல, சுரண்டினா கூட வராதே, அதே சமாச்சாரம்தாங்க. சுண்ணாம்புப் பாறைக்குள்ள புகுந்து வர்ற தண்ணி சுண்ணாம்பக் கரைச்சு எடுத்துட்டு வருது, கார்பன் டை ஆக்சைடு கூட இருக்கற வரைக்கும் கரைஞ்சே இருக்கும். வீட்ல நாம காய்ச்சறப்ப அந்த வாயு போயிடும், இங்க தண்ணி பாறையில மோதி செதறறப்ப போயிடுது. போனா சுண்ணாம்பு படியும். எங்க படியும்? அருவி வழியற எடத்துல வளர்ற பாசி மேலயும், அதுல இருக்கற நுண்ணுயிருங்க மேலயும். பாசியோட அடி கல்லாயிடும், நுனி வெளிச்சத்த தேடி மேல வளரும், அதுவும் கல்லாகும், அதுக்கு மேல மறுபடி பாசி. இப்படியே சுவர் மாதிரி எழும்பி தண்ணிய தடுத்து நிறுத்தி ஏரியாக்கிடுது. நல்லா வளர்ற எடத்துல வருஷத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர். யாரும் கட்டாத அணை, தானே ஒயரமாகிட்டே போற அணை. கோஸ்யாக்கே முந்தி ரெண்டு ஏரியா இருந்தது, கீழ இருந்த அணை வளந்து வளந்து மேல இருந்த அணைய முழுகடிச்சிடுச்சு, அது இன்னும் தண்ணிக்கடியில இருக்கு, நீங்க போட்ல அதுக்கு மேலதான் போவீங்க. 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்ததும் இந்த நிக்காம நடக்கற வேலைக்காகத்தான். நேஷனல் பார்க்கா அறிவிச்சது அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடி, 1949ல.

இது தெரிஞ்சாதான் பையன் கேக்கப் போற "ஏன் குளிக்கக் கூடாது"க்கு பதில் சொல்ல முடியும். 2006லேர்ந்து ஏரியில எறங்கி குளிக்கறது மொத்தமா தடை, காலக் கூட நனைக்காதீங்க. ஒடம்புல தடவற சன் க்ரீம், எண்ணெ, அழுக்கு இதெல்லாம் தண்ணியில கலந்தா அந்த பாசி வேலை கெடும், சுண்ணாம்பு படியறது நிக்கும். நெட்ல இன்னும் குளிக்கற படம் எல்லாம் சுத்துது, அதுல பல படம் க்ர்காங்கற வேற பார்க்கு, அங்கயும் 2021லேர்ந்து ஸ்க்ராதின்ஸ்கி பூக் அருவியில குளிக்க விடறதில்ல. நீச்சல் டிரஸ் எடுத்துட்டு போயிட்டு வாசல்ல மூஞ்சி தொங்கப் போட்ட பசங்கள நெறைய பாத்திருக்கேன்.

உறுதியா சொல்ல முடியாததுன்னு சிலது இருக்கு. ஆகஸ்ட்ல அருவியில தண்ணி எவ்ளோ வரும்ங்கறது அந்த வருஷ மழையப் பொறுத்தது. வெலிகி ஸ்லாப் ஏரித் தண்ணியில வர்றதில்ல, பிளிட்விட்சான்னு ஒரு சின்ன ஓடை மேட்லேர்ந்து குதிக்கறது, மழை இல்லாத கோடையில அது நூலா எளச்சிடும், ஏப்ரல், மே மாசம் பனி உருகி வர்ற வேகத்தப் பாத்தவங்களுக்கு அது அதே அருவின்னே தோணாது. ஏரிலேர்ந்து ஏரிக்கு வழியற அருவிங்க கோடையிலயும் ஓடும். தண்ணி கலர பத்தியும் யாரும் வாக்கு குடுக்க முடியாது, வெயில் சாய்வு, மேகம், தண்ணியில இருக்கறது எல்லாத்தையும் பொறுத்து பச்சை, நீலம், சாம்பல்னு மாறும், காலைல பாத்த ஏரி மத்தியானம் வேற மாதிரி இருக்கும். கரடி, ஓநாய், லின்க்ஸ் பூனை எல்லாம் பார்க்குல நெஜமாவே இருக்கு, கிட்டத்தட்ட 300 சதுர கிலோமீட்டர் காடு, நாம சுத்தறது அதுல ஒரு ஓரம். ஆனா அத்தன கூட்டத்துக்கு நடுவுல எந்தக் கரடி வந்து நிக்கும், நான் ஒண்ணைக் கூட பாத்ததில்ல. மீன் கூட்டமும் வாத்தும் கால்கிட்டயே வரும், பையனுக்கு அதுவே போதும், தீனி மட்டும் போட விடாதீங்க, தடை. அப்புறம் ஏரிப் பேருக்கு கைடுங்க சொல்ற கதைங்க, ஓநாய்க்கு பயந்து பனிக்கட்டி மேல ஓடின ஆடுங்க முழுகிடுச்சு, அதனால ஆட்டுப் பேர வெச்சு கோஸ்யாக், மிலான்னு ஒருத்தன் முழுகினதால மிலானோவாட்ஸ்னு, நம்ம ஊர் கெணத்துக்கு கெணறு ஒரு கதை இருக்கற மாதிரிதான், கேக்க நல்லாருக்கும், வரலாறா எடுத்துக்காதீங்க. ஓபரா பாடகி மில்கா த்ர்னினா பேர்ல இருக்கற அருவி மட்டும் நெஜ மனுஷி பேரு.

வரலாறுன்னா அங்க வேற ஒண்ணு இருக்கு. 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு, யுகோஸ்லாவியாலேர்ந்து குரோயேஷியா பிரிஞ்ச போர்ல மொத மொத உயிர் போனது இந்த பார்க்குக்குள்ளதான், யோசிப் யோவிச்னு ஒரு சின்ன வயசு போலீஸ்காரர். அதுக்கப்புறம் போர் முடியற வரைக்கும் பார்க்க யாரும் பாக்க முடியல, யுனெஸ்கோ 1992ல ஆபத்துல இருக்கற எடங்க பட்டியல்ல போட்டு 1997லதான் எடுத்தாங்க. நான் சொன்ன அந்த கைடம்மா மத்த எல்லாத்தையும் விலாவாரியா பேசினவங்க, இதக் கேட்டப்ப ரெண்டு வாக்கியத்துல முடிச்சுட்டு கொஞ்ச தூரம் பேசாம நடந்தாங்க. கேளுங்க, ஆனா அந்த ஊர்க்காரங்ககிட்ட நோண்டி நோண்டி கேக்காதீங்க.

டிக்கெட் பத்தி. நான் கடைசியா போனப்ப ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பெரியவங்களுக்கு 40 யூரோ, குளிர்காலத்துல 10 யூரோ, 7 வயசுக்கு கீழன்னா இலவசம், உங்க பையனுக்கு கொறஞ்ச வெலை டிக்கெட் உண்டு. ஆக உங்க வேன்காரர் சொல்ற 85ங்கறது உண்மையில 125. போறதுக்கு முன்னாடி பார்க்கோட சொந்த வெப்சைட்ல ஒரு தடவ பாத்துடுங்க. 2017லயே வருஷத்துக்கு 17 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, இப்ப எந்த என்ட்ரன்ஸ், எத்தன மணிக்குன்னு போட்டுத்தான் டிக்கெட் தர்றாங்க, ஆகஸ்ட்ல அன்னிக்கு போய் வாங்கிக்கலாம்னு இருந்தா காலை நேரமெல்லாம் காலியாயிருக்கும். பஸ்ல நீங்களே போறதா இருந்தா இந்த டிக்கெட் நேரத்தையும் பஸ் நேரத்தையும் பொருத்தணும், பஸ் லேட்டானா மாட்டிக்குவீங்க, அதோட பெட்டி வேற. நாலு பேர், பெட்டி, முட்டி வலின்னா பஸ் வேணாங்கறது என் அபிப்ராயம். ரெண்டு பேர் மட்டும் முதுகுல ஒரு பையோட போறதா இருந்தா கைடும் வேணாம் வேனும் வேணாம், ஸாக்ரெப்லேர்ந்து பஸ் புடிச்சு போங்கன்னு சொல்லியிருப்பேன்.

செருப்பு விஷயம் சொல்லாம விட்டா தப்பு. ரப்பர் செருப்பு, ஹவாய் எதுவும் வேணாம், மழை பெஞ்சா அந்தப் பலகை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், அடியில பிடிப்பு இருக்கற ஷூ அம்மாவுக்கும் வாங்கிடுங்க, பொடவைக்கு கீழ ஷூவான்னு சிரிப்பாங்க, பரவால்ல. பொடவையே வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா கீழ ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கட்டும், பலகைக்கு மேல தண்ணி ஏறி ஓடற எடத்துல கொசுவம் நனைஞ்சு கால்ல சுத்திக்கும். ஒரு தடவ ஒரு அக்காவோட ஒத்தை செருப்பு பலகை இடுக்குல மாட்டி, கழண்டு, ஏரிக்குள்ள மெதுவா மெதந்து போனத மொத்தக் குரூப்பும் நின்னு பாத்தோம், எறங்கி எடுக்கவும் கூடாது, அந்த அக்கா மிச்ச தூரத்த என் ஷூவப் போட்டுகிட்டு நடந்தாங்க, நான் சாக்ஸோட. ஸ்ப்ளிட்ல வேத்து ஊத்தினாலும் அங்க காட்டுக்குள்ள நெழல்ல ஜில்லுனு இருக்கும், ஆளுக்கொரு மெல்லிசு ஜாக்கெட், மழைக்கோட்டு. பலகைப் பாதையில பாத்ரூம் கெடையாது, என்ட்ரன்ஸ்லயும் போட் நிக்கற எடத்துலயும்தான், வாய்ப்பு கெடைக்கறப்பல்லாம் போயிட்டு வந்துடச் சொல்லுங்க. சாப்பாடு, சைவம்னா உள்ள உருளைக்கிழங்கு, சீஸ், ஸ்ட்ரூடல் மாதிரி பலகாரம்தான், ஆனா அந்த லிகா பக்கத்து உருளைக்கிழங்கும் சீஸும் பேர் போனது, ரோட்டோரத்துல ஊர்க்காரங்க சீஸும் தேனும் வித்துட்டு உக்காந்திருப்பாங்க, வாங்குங்க. நான் என் குரூப்புக்கு புளியோதரை கட்டிட்டு போவேன், பி3 புல்வெளியில பிரிச்சா பக்கத்துல ஜெர்மன்காரங்க எல்லாம் எட்டிப் பாப்பாங்க. எலை, கவர், ஒரு பருக்கை கூட அங்க விட்டுட்டு வராதீங்க.

இத்தனையும் படிச்சுட்டு அம்மாவுக்கு இது கூட ஜாஸ்தின்னு தோணினா, ஸ்ப்ளிட்லேர்ந்து ஒண்ணேகால் மணி நேரத்துல க்ர்கா இருக்கு, ஸ்க்ராதின்ங்கற ஊர்லேர்ந்து போட்லயே அருவிகிட்ட போயிடலாம், நடை ரொம்பக் கம்மி. ஆனா உங்களுக்கு வேணுங்கறது ஏரிங்க, க்ர்கா ஆறு, ரெண்டும் ஒண்ணில்ல. அம்மாகிட்டயே ரெண்டு படத்தையும் காமிச்சு கேட்டுடுங்க, நாமளா அவங்களுக்கு முடியாதுன்னு முடிவு பண்றது இருக்கே, என் குரூப்ல 74 வயசு பாட்டி ஒருத்தங்க சி ரூட் முழுக்க நடந்தாங்க, அவங்க புள்ளைதான் பி3ல உக்காந்துட்டார்.

ஆக உங்க எடத்துல நான் இருந்தா ஸ்ப்ளிட் போய்ட்டு வர்ற அந்த 85 யூரோ டிரிப்ப விட்டுடுவேன். ஸ்ப்ளிட்ல ஏத்தி ஸாக்ரெப்ல எறக்கற வண்டி, கைடு உள்ள வர்றவர், செவ்வாயோ புதனோ, காலைல ஆறரைக்கு மேல கெளம்பாத மாதிரி பாப்பேன். வழியில ஸ்லூன்ல ராஸ்தோகேன்னு ஒரு எடத்துல பத்து நிமிஷம் நிறுத்துவாங்களான்னு கேட்டுப் பாருங்க, பழைய தண்ணி ஆலைங்களுக்கு நடுவுல ஸ்லூன்சிட்சா ஆறு அருவியா விழுந்து கோரானாவுல சேரும், அந்த கோரானா பிளிட்விட்சே ஏரிலேர்ந்து கெளம்பி வர்ற ஆறுதான், வண்டியில உக்காந்தே அம்மா பாக்கலாம். அந்த மாதிரி ரெண்டு மூணு டிரிப் கெடைச்சா அதோட விவரத்த, எத்தன மணி, எந்த என்ட்ரன்ஸ், டிக்கெட் சேத்தா சேக்காமலாங்கறதோட கீழ போடுங்க, எது தேறும்னு பாத்து சொல்றேன்.